தலை நுழையாத இடைவெளி

"அம்மாவுக்கு வீட்டிலேயே மருத்துவக் கட்டில் போட்டாயிற்று. ராத்திரி சைடு ரெயிலை ஏற்றிவிட்டால் நாங்கள் கவலையில்லாமல் தூங்கலாம்தானே?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அதற்கு முன்னால் ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு கட்டில் பக்கம் போய்வாருங்கள் என்பதுதான் என் பதில்.

சைடு ரெயில் என்ற இந்தப் பக்கத் தடுப்பு எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். புரளும்போது விழாமல் இருக்கலாம், பிடித்துக்கொண்டு திரும்பிப் படுக்கலாம். பிரச்சினை, தடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவே ஆள் மாட்டிக்கொள்வதில்தான். கட்டில் தடுப்பில் சிக்கியவர்கள் பற்றி 1985 தொடக்கத்திலிருந்து 2009 தொடக்கம் வரை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கு 803 தகவல்கள் வந்தன. அதில் 480 பேர் இறந்துவிட்டார்கள். பெரும்பாலும் தளர்ந்துபோன முதியவர்கள், மனக்குழப்பம் உள்ளவர்கள். யாராவது எழுதி அனுப்பியது மட்டும்தான் இந்தக் கணக்கில் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டு விரல் நுழையும் இடுக்கில் ஒரு தலை எப்படி நுழையும்? மெத்தையின் நடுவில் படுத்தால், அமுங்கும் பஞ்சை நான்கு பக்கமும் உள்ள பஞ்சு தாங்கிக்கொள்கிறது. ஓரத்தில் ஒரு பக்கம் தாங்க ஆளில்லை. அதனால் அதே எடைக்கு ஓரம் கூடுதலாக அமுங்கும். அமுங்கினால் சரிவு; சரிவில் உடல் இன்னும் கொஞ்சம் ஓரத்துக்கு வரும்; வந்ததும் ஓரத்தில் எடை கூடி, மேலும் அமுங்கும். விளைவே காரணமாகித் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் இதை இயற்பியலில் நேர்ப் பின்னூட்டம் என்பார்கள். இதோடு முடியவில்லை. தோள் தடுப்பில் முட்டியதும் தடுப்பு திருப்பித் தள்ளுமல்லவா? அந்த விசை உடலுக்கு அடியில் உள்ள மெத்தையை எதிர்ப்பக்கம் நகர்த்தக்கூடும். இப்போது இடுக்கு, இடுக்காக இல்லை.

படுக்கைப்புண் வராமலிருக்கப் போடும் ஏர் பெட்டில் இது இன்னும் மோசம். பல ஏர் பெட்களில் காற்றறைகள் குறுக்குவாட்டில் இருக்கும். ஓரத்தை அழுத்தினால் அங்கிருந்த காற்று நடுவுக்கு ஓடி, நடுப்பகுதியை மேலே தூக்கிவிடும். ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மேடு: ஆளை ஓரத்துக்கு உருட்டிவிட இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. ஆராய்ச்சிக்குப் பணம் தருபவர்கள் நோயாளியைத் தூக்கும் ரோபோவுக்கு ஒதுக்குவார்கள். மெத்தை ஓரத்தை ஆராயப் பணம் கேட்டால் கொட்டாவி விடுவார்கள் என்பது என் எண்ணம்.

மாட்டிக்கொண்டால் கத்தலாமே என்று தோன்றும். பெரும்பாலும் முடியாது. கழுத்தில் தலையிலிருந்து ரத்தத்தைக் கீழே கொண்டுவரும் ஜுகுலர் சிரைகளை மூட சுமார் 2 கிலோ அழுத்தம் போதும் என்கிறது தடயவியல் மருத்துவம். மூளைக்கு ரத்தம் ஏற்றும் கரோட்டிட் தமனிகளுக்கு ஏறக்குறைய 5 கிலோ, மூச்சுக்குழாய்க்கு 15 கிலோ. நம் தலையின் எடையே நாலரை, ஐந்து கிலோ இருக்கும். அதாவது, தடுப்பின் கம்பியில் கழுத்து பதிந்து தலை தொங்கினாலே போதும், மூச்சு அடைபடுவதற்கு முன்பே நினைவு மங்கத் தொடங்கிவிடும்.

2006இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வெளியிட்ட வழிகாட்டியின் அளவுகள் இந்தத் தலையையும் கழுத்தையும் வைத்துத்தான் வந்தன. கட்டிலில் ஆபத்தான இடங்கள் ஏழு என்று பிரித்தார்கள். கம்பிகளுக்கு நடுவிலும், தடுப்புக்கு அடியிலும், தடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவிலும் இடைவெளி 12 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும். தலை நுழையக் கூடாது. தடுப்பின் முனைக்கு அடியில் 6 சென்டிமீட்டருக்குக் குறைவு. அங்கே கழுத்தே நுழையக் கூடாது.

சும்மா கிடக்கும் மெத்தையை அளப்பது வீண். ஒருவர் மெத்தையை எதிர்ப்பக்கத் தடுப்பு வரை தள்ளி, இந்தப் பக்க ஓரத்தைக் கையால் பலமாக அழுத்திப் பிடிக்கட்டும், மற்றவர் அளக்கட்டும். தலைப்பக்கத்தை உயர்த்திவைத்து மறுபடி அளவெடுங்கள், ஏனென்றால் கட்டில் மடங்கும்போது தடுப்புக்கும் மெத்தைக்குமான உறவே மாறிவிடும். மெத்தையை மாற்றினாலும் மறுபடி அளக்க வேண்டும். தடுப்பைப் பிடித்து ஆட்டிப்பார்த்து, ஆடினால் திருகுகளை முறுக்குங்கள். இடைவெளியில் தலையணையைச் செருகுவது பலர் செய்யும் வேலை. அது அமுங்கும், விலகும், முகத்தையும் மூடும். இடைவெளியை அடைக்கவென்றே வரும் கெட்டியான நுரைக்கட்டை அப்படியில்லை.

அப்புறம், ஏறிக் குதிப்பவர்கள். அரை மீட்டர் உயரத்திலிருந்து உருண்டு விழுவதைவிட, தடுப்பின் மேலேறி ஒரு மீட்டரிலிருந்து விழுந்தால் மோதும் ஆற்றல் இரு மடங்கு. அதுவும் தலைகுப்புற விழ வாய்ப்பு அதிகம். மனக்குழப்பத்தோடு எழுந்து நடக்க முயல்பவருக்குத் தடுப்பு போடாமல் இருப்பதே மேல் என்று நினைக்கிறேன். கட்டிலை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தி, பக்கத்தில் தரையில் மெத்தை விரிப்பு போடலாம்.

அவர் ஏன் எழுகிறார் என்றும் பாருங்கள். சிறுநீர், தாகம், வலி, ஒரே பக்கம் படுத்த அலுப்பு என்று ஏதாவது காரணம் இருக்கும். தினமும் இரண்டு மணிக்கு எழுகிறார் என்றால், ஒன்றரைக்கே எழுப்பிக் கழிப்பறைக்கு அழைத்துப் போய்வாருங்கள்.