மானியம்: வாங்காத வரியா, கொடுத்த பணமா?

பாகூர்ப் பக்கம் ஏரிப் பாசன வயல் ஒன்றைக் காட்டி, "அது கோயில் மானியம்" என்பார் ஒரு பெரியவர். அதே வரப்பில் நின்றுகொண்டு அவர் பேரன், "பவர் டில்லரை மானியத்துல எடுத்தேன்" என்பான். தாத்தா சொல்வது நிலம், பேரன் சொல்வது பணம். ஒரே சொல் எப்படி இரண்டானது?

மானம் என்றால் மதிப்பு, பெருமை. அந்த வடசொல்லிலிருந்து வந்தது 'மான்ய': மதிக்கத்தக்கது. ஒருவரையோ ஒரு கோயிலையோ மதித்து அரசன் விட்டுக்கொடுத்த நிலம் மானியம் ஆயிற்று. பழைய பத்திரங்களில் 'மான்யம்' என்றும் இருக்கும். நிலம் கைமாறியது என்பதைவிட, அந்த நிலத்துக்கு வரி கிடையாது என்பதுதான் இதில் முக்கியம். எல்லா வரியும் நீங்கியது சர்வமானியம். பின்னால் அரபியிலிருந்து வந்த 'இனாம்' இதே இடத்தில் உட்கார்ந்துகொண்டது. 1858-இல் சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் அமைத்து, எந்த நிலம் உண்மையில் இனாம் என்று வெள்ளைக்காரர்கள் விசாரித்தார்கள். தமிழ்நாட்டில் சிறு இனாம்களை ஒழித்து ரயத்துவாரியாக, அதாவது உழவரே அரசுக்கு நேராக வரி கட்டும் நிலமாக, மாற்றும் சட்டம் 1963-இல் வந்தது. நிலம் போயிற்று, பெயர் மட்டும் பேச்சில் நின்றுவிட்டது. (மணியக்காரரில் வரும் 'மணியம்' வேறு சொல். அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

வடசொல் புழக்கத்துக்கு வருமுன் நம்மிடம் பெயர் இல்லையா? இருந்தது: இறையிலி. இறை என்றால் வரி. இறை இல்லாதது இறையிலி. எனக்குத் தெரிந்து வரிவிலக்குக்கு இதைவிடச் சிக்கனமான சொல் கிடையாது. சோழர் கல்வெட்டுகளில் இறையிலி அள்ள அள்ள வரும். அதில் ஒரு வகைதான் என்னை யோசிக்க வைத்தது: ஊர்க்கீழ் இறையிலி. ஒருவர் கோயிலுக்கு நிலம் கொடுப்பார். அதற்கான வரியை ஊர்ச்சபை தன் தலையில் ஏற்றுக்கொள்ளும். அதற்கு ஈடாக ஒரு தொகையை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும். அரசனுக்குப் போகவேண்டியது போய்க்கொண்டே இருக்கும். ஆக, வரி இல்லை என்றால் அதை வேறு யாரோ சுமக்கிறார்கள் என்பது அந்தச் சொல்லிலேயே எழுதியிருக்கிறது. இன்றைய சலுகை அறிவிப்புகளில் இந்த 'யாரோ' கண்ணில் படுவதே இல்லை.

இந்தச் செய்திக்குப் பாகூரை விட நல்ல சாட்சி கிடைக்காது. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே உள்ள இந்த ஊரில் 9-ஆம் நூற்றாண்டில் ஒரு கல்விச்சாலை இருந்தது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் தன் எட்டாம் ஆட்சியாண்டில், சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்ற மூன்று ஊர்களை வரி விலக்கோடு அதற்கு விட்டுக்கொடுத்ததைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. கஜானாவிலிருந்து மாதாமாதம் பணம் அனுப்பவில்லை. மூன்று ஊரின் வருவாயைத் தான் வாங்காமல் கல்விச்சாலைக்குத் திருப்பிவிட்டான். உள்ளூர் நிதியுதவி அன்றைக்கு நடந்த விதம் இது. பல்லவர் செப்பேடுகளில் இப்படிப்பட்ட விலக்குகளுக்குப் பரிகாரம் என்று பெயர். இன்றைக்குப் பரிகாரம் என்றால் நாம் போகும் இடமே வேறு!

வணிக வரியிலும் கதை உண்டு. சுங்கத்தின் பழந்தமிழ்ப் பெயர் உல்கு. அதை நீக்கியதால் முதலாம் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' ஆனான். வரியை விட்டுக்கொடுத்தால் பெயர் நிலைக்கும் என்று அரசியல்வாதிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்புறம் ஆங்கிலம் வந்தது. பேரன் சொல்லும் மானியத்துக்கு ஆங்கிலத்தில் சப்சிடி. அதற்கு மூலம் லத்தீன். போரில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் துணைப்படையைக் குறித்த சொல் அது. வேடிக்கை என்னவென்றால், பழைய இங்கிலாந்தில் சப்சிடி என்பது மன்னருக்கு மக்கள் கொடுத்த வரி. நாடாளுமன்றம் மன்னருக்குப் பணம் ஒப்பளிப்பது கிராண்ட். அந்த வழக்கம் நம் அரசமைப்புச் சட்டத்தின் 203-ஆம் பிரிவுக்கு வந்து, சட்டமன்றத்தில் 'மானியக் கோரிக்கை' ஆயிற்று. காவல்துறை மானியக் கோரிக்கை என்று செய்தி வந்தால் போலீசுக்குத் தள்ளுபடி விலையில் ஏதோ தருகிறார்கள் என்று பொருளில்லை. அந்தத் துறைக்கான செலவுப் பணத்தை அவையிடம் கேட்கிறார்கள். இப்படி இரண்டு ஆங்கிலச் சொல்லுக்கும் ஒரே மானியத்தை மாட்டிவிட்டதில்தான் குழப்பமே.

சரி, புதுச் சொல்லில் பழைய குணம் போய்விட்டதா? தொழில் தொடங்க மாவட்டத் தொழில் மையத்துக்குப் போகிறவர்கள் 'சப்சிடி லோன்' என்பார்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மானியம் 15 முதல் 35 விழுக்காடு வரை. அது ஆளையும் இடத்தையும் பொறுத்தது. ஆனால் அந்தப் பணம் கைக்கு வராது. மூன்று ஆண்டுகள் வங்கியிலேயே கிடக்கும், பிறகு கடனில் கழியும். கடைசியில் அதுவும் வாங்காமல் விட்ட தொகைதான்.

புதுச்சேரியில் இது தலைகீழாக நடந்தது. விற்பனை வரி விலக்கைக் காட்டித் தொழிற்சாலைகளை அழைத்த காலம் ஒன்று இருந்தது. அது அசல் இறையிலி. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்ததும் ஒரு மாநிலம் தனியாக வரியை விட்டுக்கொடுக்க வழியில்லாமல் போயிற்று. சலுகை தர வேண்டுமென்றால் முதலில் வரியை வாங்கி, பிறகு திருப்பித் தர வேண்டும்.

நெய்வேலி நிலக்கரி நிறுவனம் போன்றவை சுற்றுவட்டார ஊர்களுக்குச் செலவிடும் சமூகப் பொறுப்பு நிதியையும் சிலர் மானியம் என்கிறார்கள். அது தவறு. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டப்படி, பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் செலவிட வேண்டும். அது கடமை, விட்டுக்கொடுப்பு அல்ல.

தமிழில் எப்படி எழுதலாம்? வரி வாங்காமல் விட்டால் வரிவிலக்கு; கொஞ்சம் துணிச்சல் இருந்தால் இறையிலி. ஓர் ஊராட்சிக்கோ கல்லூரிக்கோ அரசு ஒப்பளிக்கும் கிராண்டுக்கு நல்கை. நல்குதல் என்ற நல்ல வினைச்சொல் பின்னால் நிற்கிறது, ஏற்கெனவே சிலர் எழுதியும் வருகிறார்கள். சப்சிடிக்கு 'உதவித்தொகை' போட்டால் மாணவர் உதவித்தொகையோடும் முதியோர் உதவித்தொகையோடும் மோதும். அதற்கு மட்டும் மானியத்தையே விட்டுவிடலாம் என்பது என் கட்சி. வடசொல்தான், இருந்தாலும் உர மூட்டை வாங்குகிறவர் வரைக்கும் புரிகிறது.