ஹைபாக்சியா – உயிர்வளிக்குறை

ஹைபாக்சியாவை ‘மூச்சுத்திணறல்’ என்று எழுதுவோர் உண்டு. திணறல் நோயாளி உணர்வது. ஹைபாக்சியா திசுவின் நிலை. திணறலே தெரியாமலும் திசுவுக்கு ஆக்சிஜன் குறையலாம்.

கிரேக்கத்தில் ‘ஹைப்போ’ என்றால் கீழே, குறைவாக. நடுவில் இருப்பது ஆக்சிஜன். கடைசி ‘இயா’ நிலையைக் குறிக்கும் விகுதி. ஆக்சிஜன் என்ற பெயரே ஒரு பிழையின் மிச்சம்: அமிலங்களின் புளிப்புக்கெல்லாம் இந்த வாயுவே காரணம் என்று நம்பிய பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர், ‘புளிப்பைப் பிறப்பிப்பது’ என்று பொருள்பட வைத்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே கிடையாது. அந்த வகையில் நம்முடைய ‘உயிர்வளி’ பொருளுக்கு நெருங்கிய பெயர்.

ஆகவே உயிர்வளிக்குறை. ‘உயிர்வளியின்மை’ என்று எழுதினால் அது அனாக்சியா ஆகிவிடும். அங்கே அறவே இல்லை. இரத்தத்தில் மட்டும் குறைந்தால் ஹைபாக்சீமியா, குருதி உயிர்வளிக்குறை.

நுரையீரலில் இந்தச் சொல்லுக்குத் தனிக் கனம் உண்டு. ஆக்சிஜன் குறைந்தால் உடலின் மற்ற இரத்தக்குழாய்கள் விரியும். நுரையீரலின் சிறு தமனிகள் சுருங்கும். காற்று வராத பகுதியைத் தவிர்த்து, வரும் பகுதிக்கு இரத்தத்தைத் திருப்பும் ஏற்பாடு இது. ஸ்வீடன் உடலியலாளர்கள் ஃபான் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் 1946-இல் பூனைகளிடம் இதைக் காட்டினார்கள். சுருக்கம் நிமிடங்களில் நடந்துவிடும். அதற்கு மரபணுக்களின் தயவு வேண்டாம். குறை மணிக்கணக்கில் நீடித்தால்தான் மரபணு வெளிப்பாடு மாறத் தொடங்கும், அதாவது எந்த மரபணுவிலிருந்து எவ்வளவு ஆர்என்ஏவும் புரதமும் உருவாகின்றன என்பது.

அதை நடத்தும் முக்கியப் புரதம் எச்ஐஎஃப் (hypoxia-inducible factor). சிலர் இதை ‘உயிர்வளிக்குறை தூண்டும் காரணி’ என்று பெயர்க்கிறார்கள். படித்தால் இந்தப் புரதம்தான் குறையை உண்டாக்குகிறது என்று தோன்றும். உண்மை நேர் தலைகீழ். ‘உயிர்வளிக்குறையால் தூண்டப்படும் காரணி’ என்பதே சரி. நீளம்தான், ஆனால் ‘ஆல்’ உருபை விடமுடியாது.

செல்லில் எச்ஐஎஃப்பின் ஒரு பாதியான எச்ஐஎஃப்-ஆல்பா ஓயாமல் உருவாகிக்கொண்டே இருக்கிறது. ஆக்சிஜன் போதிய அளவில் இருக்கும்போது ஒரு நொதி அந்த ஆக்சிஜனையே செலவழித்து அதன்மேல் அடையாளம் இடும். விஎச்எல் என்ற புரதம் அடையாளத்தைப் பிடித்து அழிவுக்கு அனுப்பும். ஆக்சிஜன் குறைந்தால் அடையாளம் விழாது. தப்பிய ஆல்பா உட்கருவுக்குள் போய், மறுபாதியான பீட்டாவோடு சேர்ந்து, டிஎன்ஏவில் தனக்குரிய இடங்களைப் பற்றும். செல்கள் ஆக்சிஜனை உணரும் இந்த வழியைக் கண்டதற்காகவே கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு.

நுரையீரல் இரத்தக்குழாயின் உட்பூச்சுச் செல்களில் இந்தப் பற்றுதலால் எண்டோதீலின்-1 கூடும். அது குழாயை இறுக்கும் பொருள். பக்கத்து மென்தசைச் செல்களைப் பெருகச் சொல்லும் வளர்ச்சிக் காரணிகளும் கூடும். சுவர் தடித்து உள்வழி குறுகும். நுரையீரல் தமனி அழுத்தம் ஏறி, இதயத்தின் வலது கீழறை திணறும். இந்தச் செல்களில் எச்ஐஎஃப்-2 என்ற உறவுக்காரப் புரதத்துக்குப் பெரும்பங்கு உண்டு. எலிகளின் உட்பூச்சுச் செல்களில் மட்டும் அதை நீக்கிவிட்டு உயிர்வளிக்குறையில் வைத்தால், நுரையீரல் அழுத்தம் வழக்கம்போல் ஏறுவதில்லை.