பெட்டி மேல 1934னு போட்டிருந்தா உள்ள இருக்கறது 1934 ஆகிடாது

போன குளிர்காலத்துல ஒரு தம்பி என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாரு. சிகாகோ பக்கம் ஐடி வேலை, நம்ம ஊர்க்காரர். கையில பெரிய அட்டைப்பெட்டி, உள்ள ஹெச்ஓ ஸ்கேல்ல, அதாவது நிஜத்துல 87ல ஒரு பங்கு அளவுல, பர்லிங்டன் ரயில் கம்பெனியோட ஜெஃபர்ங்கற பழைய அமெரிக்க ரயில் மாடல். "அண்ணா, ஹெட்லைட் எரியல, பாத்துக் குடுங்க"ன்னாரு. பெட்டி மேல பொன்னெழுத்துல 1934 மே 26னு தேதி, பக்கத்துலயே மியூசியம் குவாலிட்டின்னு ஒரு வார்த்தை. என்ன விலைக்கு வாங்கினாருன்னு சொன்னப்போ எனக்கே ஒரு நிமிஷம் பேச்சு வரல. உள்ள இருந்த ரயில் பெட்டிங்கள ஒவ்வொண்ணா வெளிய எடுத்து மேஜையில வரிசையா வெச்சேன், எண்ணிப் பாத்தா நாலு இருக்கு.

அங்கதான் சிக்கல். மே 26 அன்னிக்கு டென்வர்ல விடியக்காலை கிளம்பி சிகாகோவுக்கு ராத்திரிக்குள்ள ஓடின அந்த ரயில்ல மூணு பெட்டிதான். நாலாவது பெட்டி 1935லதான் சேத்தாங்க. அதாவது அவர் காசு குடுத்து வாங்கினது ஒரு வருஷம் கழிச்சு இருந்த ரயில், அதுக்கு முந்தின வருஷத்து தேதிய மேல ஒட்டி.

நான் இருபது வருஷத்துக்கு மேல இந்த மாடல் ரயில் ரிப்பேரும் கட்டுமானமும்தான் பண்றேன், அதுலயும் 1930கள்ல வந்த வழவழ மூக்கு ரயில்கள்னா எனக்கு தனி கிறுக்கு. இந்த வகை மாடல் வாங்கறவங்க எல்லாரும் கேக்கற கேள்வி "இது அக்யூரேட்டா?"தான், ஆனா எந்த தேதிக்கு அக்யூரேட்னு யாரும் கேக்கறதில்ல. ஒரு ரயில் 26 வருஷம் ஓடுது, நடுவுல பெட்டி சேக்கறாங்க, எங்கயாவது மோதுது, பேர் மாறுது, பெயின்ட் மாறுது. இதுல எந்த நாளோட ரயில் உங்க கையில இருக்குன்னு தெரியாம அக்யூரேட்டுங்கற சொல்லுக்கு அர்த்தமே இல்ல.

ஜெஃபரையே எடுத்துக்கோங்க. ஃபிலடெல்ஃபியாவுல பட் கம்பெனி கட்டினது, 1934 ஏப்ரல்ல பேர் வெச்சாங்க. மே 26 ஓட்டத்துல 1,015 மைல நிக்காம 13 மணி 5 நிமிஷத்துல முடிச்சுது, சராசரி வேகமே மணிக்கு 77 மைலுக்கு மேல, நடுவுல 112 மைல் வரைக்கும் தொட்டுச்சு. உள்ள 600 குதிரைத்திறன் வின்டன் டீசல் எஞ்சின். முதல் பெட்டியில எஞ்சினும் தபால் அறையும் சாமான் அறையும், கடைசியில கண்ணாடி போட்ட அப்சர்வேஷன் லவுஞ்ச், மொத்தம் 72 சீட்டு. 1936ல பயனியர் ஜெஃபர்னு பேர் மாத்தினாங்க, 1939ல மிசோரியில ஒரு கூட்ஸ் வண்டியோட நேருக்கு நேர் மோதி முன்பக்கம் நொறுங்கி அதைத் திரும்பக் கட்டினாங்க, 1960ல ஓய்வு குடுத்து சிகாகோவுல அறிவியல் தொழில் மியூசியத்துக்கு குடுத்துட்டாங்க. இப்பவும் போய் பாக்கலாம். ஆனா மியூசியத்துல போட்டோ எடுத்துட்டு வந்து அதை வெச்சு 1934 மாடல சரிபாக்காதீங்க, அங்க நிக்கறது இத்தனையும் பட்டு வந்த வண்டி. 1934க்கு வேணும்னா 1934ல வண்டிய கட்டினவங்களே எடுத்த பில்டர் போட்டோதான் வேணும். பர்லிங்டன் கம்பெனியோட பழைய ஆவணங்கள் சிகாகோ நியூபெரி லைப்ரரியில இருக்கு, ஒரு நாள் லீவு போட்டுட்டு போனா நல்லா பொழுது போகும், வீட்டுல திட்டு வாங்கினா நான் பொறுப்பில்ல.

ஜெஃபர் மாடல்ல அடுத்து நான் பாக்கறது பக்கச்சுவர். நிஜ வண்டி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பெயின்டே கிடையாது. நம்ம வீட்டு எவர்சில்வர் குடத்தை வருஷக்கணக்கா தேச்சு தேச்சு ஒரு மங்கின பளபளப்பு வருமே, அதுதான் அதோட நிறம். மாடல்ல ஒண்ணு குரோம் பூசி கார் பம்பர் மாதிரி கண்ணு கூச வைக்கறாங்க, இல்லன்னா சில்வர் பெயின்ட் அடிச்சு அலுமினிய டப்பா மாதிரி ஆக்கிடறாங்க. ரெண்டும் தப்பு. நான் பண்றது முதல்ல பளபளன்னு கறுப்பு அடிச்சு, அது நல்லா காய்ஞ்சதும் மேல மெட்டல் லாக்கர மெல்லிசா ரெண்டு மூணு தடவை ஏர்பிரஷ்ல தூவறது, கை ரேகை பட்டா போச்சு, அதனால கையுறை இல்லாம தொடவே மாட்டேன். இன்னொண்ணு அந்த நெளிநெளியான கோடுகள். 87ல ஒரு பங்குன்னு சுருக்கும்போது ஒவ்வொரு நெளியும் தலைமுடி மாதிரி ஆயிடும், அச்சுல வராதுன்னு தயாரிக்கறவங்க கோட்டை எண்ணிக்கையில குறைச்சு ஆழத்தை கூட்டிடுவாங்க. போட்டோவுல ஜன்னலுக்கு கீழ எத்தனை கோடுன்னு எண்ணுங்க, மாடல்லயும் எண்ணுங்க. அஞ்சு நிமிஷ வேலை. கடைக்காரர் முகம் மாறும் பாருங்க.

இல்லினாய்ல யூனியன்ங்கற ஊர்ல ரயில்வே மியூசியம் இருக்கு, அங்க நெப்ராஸ்கா ஜெஃபர் நிக்குது, 1936ல கட்டின பட் பெட்டிகள். அது வேற வண்டிதான், ஆனா நெளி எப்படி இருக்கும், வெயில்ல எப்படி மின்னும், மழையில எப்படி மங்கும்னு கண்ணுக்கு பழக்கறதுக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியல.

ஜெஃபருக்கு ரெண்டு மாசம் முந்தி, 1934 பிப்ரவரியிலயே வந்தது யூனியன் பசிபிக் ரயில் கம்பெனியோட எம்-10000ங்கற ரயில். புல்மேன் கம்பெனி கட்டினது, அலுமினியம், மூணு பெட்டி, 204 அடி நீளம். இது டீசல் இல்ல, டிஸ்டிலேட்னு ஒரு எண்ணெய்ல ஸ்பார்க் பிளக் வெச்சு ஓடற எஞ்சின், டீசல் சத்தம் போடற சவுண்ட் சிப்ப இதுக்குள்ள வெச்சு விக்கறவங்க இருக்காங்க, சிரிப்புதான் வரும். இதுல பெரிய கஷ்டம் என்னன்னா நிஜ வண்டியே இப்ப இல்ல, இரண்டாம் உலகப்போர் சமயத்துல அலுமினியத்துக்காக உடைச்சுட்டாங்க. போட்டோவும் வரைபடமும்தான் மிச்சம், போட்டோவும் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. அப்ப நிறத்தை எப்படி முடிவு பண்றது? கலர் போஸ்ட்கார்டு பாத்து முடிவு பண்ணாதீங்க, அதெல்லாம் வரையறவன் தூரிகைக்கு வந்த கலர். மஞ்சள் உடம்பு, பொன்பழுப்பு கூரை, அடியிலயும் அதே பழுப்பு, இதுதான் ஆரம்பத்துல. யூனியன் பசிபிக்னா மஞ்சளும் சாம்பலும் நடுவுல சிவப்பு கோடும்னு நிறைய பேர் மனசுல பதிஞ்சிருக்கு, அது பிற்காலத்து வழக்கம். போன வருஷம் ஒருத்தர் சாம்பல் கூரை போட்ட எம்-10000ஐ "ரேர் வேரியன்ட்"னு நம்பி வாங்கிட்டு வந்தாரு. ரேர்தான், உலகத்துலயே இல்லாத வண்டி.

கடைசிப் பெட்டியோட வாலையும் பாருங்க. ஜெஃபர்ல அங்க கண்ணாடி போட்ட லவுஞ்ச், எம்-10000ல அந்த இடத்துல சமையலறை, அதனால வால்ல ஜன்னல் கிடையாது. ஜெஃபர் மாதிரி ஜன்னல் வெச்ச எம்-10000 வந்தா வாங்காதீங்க.

இப்ப சக்கரத்துக்கு வருவோம். நம்ம ஊர்ல பெட்டியையே போகின்னு சொல்லிப் பழகிட்டோம், "எஸ்-4 போகி எங்க வரும்"னு பிளாட்பாரத்துல ஓடுவோம், ஆனா போகின்னா உண்மையில அடியில இருக்கற சக்கரத் தொகுதிதான். இந்த ரயில்கள்ல ரெண்டு பெட்டிக்கு நடுவுல ஒரே ஒரு போகி, ரெண்டும் அது மேலயே உக்காந்திருக்கும். மூணு பெட்டிக்கு ஆறு போகி வேண்டிய இடத்துல நாலுதான். எடை குறையும், இடைவெளி குறையும், காத்து வழுக்கிட்டு போகும், அந்த ரயில்களோட முழு யோசனையும் இதுலதான் இருக்கு. மலிவு மாடல்ல ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியா ரெண்டு போகி போட்டு கொக்கி மாட்டி விட்டுடுவாங்க. அதை எவ்வளவு அழகா பெயின்ட் பண்ணினாலும் சாதா ரயிலுக்கு மாறுவேஷம் போட்ட மாதிரிதான். ஜெர்மனியோட பறக்கும் ஹாம்பர்கர்லயும் இதே விஷயம், ரெண்டு பெட்டி நடுவுல ஒரு ஜேக்கப்ஸ் போகி, 1933 மே மாசத்துல இருந்து பெர்லின் ஹாம்பர்க் 286 கிலோமீட்டர 138 நிமிஷத்துல ஓடினது. அதுக்கு ஊதாவும் கிரீமும்தான் நிறம், போருக்கு அப்புறம்தான் சிவப்பு அடிச்சாங்க, சிவப்பு மாடல்ல 1933னு சீட்டு ஒட்டியிருந்தா திருப்பிக் குடுத்துடுங்க.

ஆனா எல்லா பொய்யும் ஏமாத்து இல்ல, அதையும் சொல்லணும். ஹெச்ஓல சாதாரண சக்கரத்தோட அகலம் 0.110 அங்குலம், அதை 87ஆல பெருக்கினா ஒன்பதரை அங்குலம் வருது, நிஜ சக்கரம் அஞ்சரை அங்குலம் பக்கம். நிஜ அளவுல போட்டா வீட்டு டிராக்ல தடம் பிரியற ஒவ்வொரு பாயின்ட்லயும் தடம் புரளும். வளைவும் அப்படித்தான். கடையில செட்டோட வர்ற 18 அங்குல ஆரம் வளைவு நிஜத்துல 130 அடி, அதாவது 40 மீட்டர், அந்த வளைவுல நிஜ ஜெஃபர் திரும்பவே திரும்பாது. அதுல ஓட வைக்கணும்னுதான் பெட்டிங்களுக்கு நடுவுல இடைவெளிய பெருசாக்கறாங்க. லயனல் கம்பெனி 1934லயே எம்-10000 பொம்மை ரயில் விக்க ஆரம்பிச்சப்போ 72 அங்குல விட்டத்துக்கு தனியா டிராக் போட்டாங்க, 90 வருஷத்துக்கு முன்னாடியே அவங்களுக்கு பிரச்சினை புரிஞ்சிருந்துச்சு. பிரிட்டிஷ்காரங்க டபுள் ஓ ஸ்கேல்ல வண்டிய 1:76ல பண்ணி 16.5 மில்லி டிராக்லயே ஓட்டறாங்க, 18.83 இருக்கணும், அதனால அவங்க ஊரு சில்வர் ஜூபிலி ரயிலை முன்னாடி இருந்து பாத்தா குறுகின கால்ல நிக்கற மாதிரி இருக்கும். பழகிட்டா கண்ணுக்கு தெரியாதுன்னு அவங்க சொல்வாங்க. எனக்கு இன்னும் பழகல.

நீளத்துல மட்டும் விட்டுக் குடுக்காதீங்க. டேப் எடுத்துட்டுப் போங்க. எம்-10000 ஹெச்ஓல 71 சென்டிமீட்டர், மூணு பெட்டி ஜெஃபர் 69 சென்டிமீட்டருக்கு கிட்ட. 55, 60னு வந்தா ஷெல்ஃப்ல அடங்கணும்னு நடுவுல நறுக்கிட்டாங்கன்னு அர்த்தம், அது தப்புன்னு சொல்லல, ஆனா அதுக்கு ஸ்கேல் மாடல்னு பேர் வெச்சு விலை ஏத்தாதீங்க.

இன்னொரு வியாபாரம் இருக்கு. மோல்டு ஒண்ணு, பேரு மூணு. ஜெஃபர் அச்சுலயே 1935ல நியூ இங்கிலாந்துல ஓடின ஃப்ளையிங் யாங்கிய வித்துடறாங்க. ரெண்டும் பட் கம்பெனி பிள்ளைங்கதான், முகஜாடை அப்படியே இருக்கும், ஆனா உள்ள அறைங்க பிரிச்ச விதம் வேற, அதனால ஜன்னல் வரிசையும் வேற. எழுத்தை மாத்தினா வண்டி மாறிடாது.

பழைய ஒரிஜினல் 1930கள் பொம்மை ரயில் வாங்கறவங்களுக்கு இதைவிட முக்கியமா ஒண்ணு சொல்லணும், ஏன்னா இது காசு சமாச்சாரம் மட்டும் இல்ல. அப்ப துத்தநாகக் கலவையில வார்த்த பாகங்கள்ல ஈயம் கலந்துட்டா வருஷம் போகப் போக உள்ளுக்குள்ளயே வெடிச்சுட்டு வரும், ஆங்கிலத்துல ஜிங்க் பெஸ்ட்னு சொல்வாங்க, பூச்சி எல்லாம் இல்ல, உலோகமே உளுத்துப் போறது. மேல மெல்லிசா வலை மாதிரி விரிசல், பாகம் லேசா வீங்கி வளைஞ்சிருக்கும், சக்கரம் அச்சுல இறுக்கமா நிக்கும். லென்ஸ் வெச்சு பாருங்க. இதுக்கு மருந்து கிடையாது, பசை ஊத்தி பெயின்ட் அடிச்சு மறைச்சு விக்கறவங்க உண்டு, ஆறு மாசத்துல கையில பிஸ்கட் மாதிரி உதிரும். ஈரம் பட்டா சீக்கிரம் போகும், பேஸ்மென்ட்ல வெக்காதீங்க. அந்த காலத்து பெயின்ட்லயும் ஈயம் இருக்கும், குழந்தைங்க வாயில வெக்கற இடத்துல வேண்டாம். அப்புறம் அதோட வர்ற பழைய டிரான்ஸ்ஃபார்மர், அந்த ஒயரோட ரப்பர் மடிச்சாலே உடையும், "ஓடுதான்னு பாக்கலாம்"னு பிளக்ல சொருகாதீங்க. நேரா ரிப்பேர் பண்றவங்ககிட்ட குடுங்க. நான் விளம்பரத்துக்கு சொல்லல, ஒரு தடவை எனக்கே சுர்ருன்னு ஏறியிருக்கு.

தம்பி கதைக்கு வர்றேன். ஹெட்லைட்ல ஒண்ணும் இல்ல, ஒரு ஒயர் விட்டிருந்துச்சு, பத்து நிமிஷம் சால்டரிங். நாலாவது பெட்டி விஷயத்தை சொன்னதும் முகம் வாடிடுச்சு. கடைசியில அவரே ஒரு முடிவு பண்ணினாரு, அட்டைப்பெட்டியில போட்ட தேதிதான் தனக்கு வேணும், அதனால அந்த நாலாவது ரயில் பெட்டிய கழட்டி அலமாரியில வெச்சுடறேன்னாரு. கழட்டினோம், இணைப்ப கொஞ்சம் மாத்த வேண்டி வந்துச்சு, மூணு பெட்டி ரயிலா நல்லாவே நிக்குது.

அப்பதான் நான் வாய வெச்சுட்டு சும்மா இல்லாம, மே 26 அன்னிக்கு அந்த ரயில்ல ஜெஃப்னு ஒரு கழுதையும் வந்துச்சு, சாமான் அறையில ஏத்தி டென்வர்ல இருந்து சிகாகோ வரைக்கும் கூட்டிட்டு வந்தாங்கன்னு சொல்லிட்டேன். இப்ப அவருக்கு கழுதை வேணும். நானும் ரெண்டு மாசமா தேடறேன், கிடைக்கறதெல்லாம் 1:72, ஜெஃப் குட்டையான புர்ரோ வகை, இது பக்கத்துல நின்னா குதிரை மாதிரி இருக்கு. "சாமான் அறை கதவு மூடியேதானேண்ணா இருக்கும், யாரு பாக்கப் போறா"ங்கறாரு. நான் இன்னும் ஒத்துக்கல.