ஆதார சுரம் இடம்பெயரும் இசை

கர்நாடகக் கச்சேரி கேட்டுப் பழகியவர்கள் முதல் தடவை ஒரு சிம்பொனியைக் கேட்கும்போது பெரும்பாலும் மெட்டைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். இரண்டு நிமிடத்தில் அந்த மெட்டு மறைந்து வேறொன்று வருகிறது. பிறகு எல்லாம் துண்டு துண்டாகச் சிதறுகிறது. திடீரென்று முதலில் வந்தது மறுபடி வந்து நிற்கிறது. ஏன் போனது, ஏன் வந்தது என்று பிடிபடுவதில்லை. கவனிக்க வேண்டிய இடம் வேறு. சுமார் 1600 முதல் 1900 வரை ஐரோப்பிய இசை வடிவங்களைத் தாங்கி நின்றது ஆதார சுரம். நம் தம்புரா வர்ணம் முதல் மங்களம் வரை ஒரே சட்ஜத்தில் நிற்கும். அங்கே சட்ஜமே இடம்பெயரும். எங்கே போகிறது, எந்த வழியாகப் போகிறது, எவ்வளவு நேரம் கழித்துத் திரும்புகிறது என்பதைத்தான் ஃபியூக், சொனாட்டா, சிம்பொனி ஆகிய பெயர்கள் விதவிதமாகச் சொல்கின்றன.

ஹார்மோனியத்தில் சி-யைச் சட்ஜமாக வைத்து வெள்ளைக் கட்டைகள் ஏழையும் வாசித்தால் அது சி மேஜர். நம் கணக்கில் சங்கராபரணம். இப்போது பஞ்சமமான ஜி-யைச் சட்ஜமாக்கி மறுபடியும் சங்கராபரணமே வாசிக்க வேண்டும் என்றால் ஆறு சுரங்கள் அப்படியே இருக்கும். எஃப் மட்டும் அரைச் சுரம் ஏறி எஃப்-ஷார்ப் ஆகும். இதைக் கிரக பேதத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கிரக பேதத்தில் சுரங்கள் மாறாமல் ராகம் மாறும். அதே வெள்ளைக் கட்டைகளை ஜி-யிலிருந்து வாசித்தால் ஹரிகாம்போதி வரும். மேற்கத்திய முறையில் ராகம் அப்படியே இருக்க, சட்ஜம் மாறுகிறது. ஒரே ஒரு சுரத்தை மாற்றினால் போதும் என்பதால் பஞ்சமத்துக்குப் போவது மிகச் சுலபம். அதனால்தான் அந்தக் காலத்து மேஜர் இசை முதலில் போகும் இடம் ஏறக்குறைய எப்போதும் பஞ்சமமாக இருக்கிறது.

போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று காதுக்கு எப்படித் தெரியும்? கேடன்ஸ் என்ற முடிப்பால். சி மேஜரில் ஜி, பி, டி, எஃப் நான்கும் சேர்ந்து ஒலிக்கும் கார்டில் பி மேலே சி-க்குத் தாவத் துடிக்கும், எஃப் கீழே ஈ-க்கு இறங்கத் துடிக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் அங்கே போய் அமர்ந்தால் வீடு வந்த உணர்வு. கேட்பவர் மேல் மெட்டை விட்டு அடிக்குரலை, அதாவது செல்லோ, டபுள் பேஸ், பியானோவின் இடக்கை ஆகியவற்றைக் கவனித்தால் இந்த முடிப்புகள் தெளிவாகப் பிடிபடும்.

இந்தப் பயணத்துக்குச் சுருதி சேர்க்கும் முறை ஒரு தடையாக இருந்தது. சுத்தமான பஞ்சமங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பன்னிரண்டு முறை அடுக்கினால் ஏழு ஸ்தாயி ஏறி அதே சுரத்துக்கு வர வேண்டும். வருவதில்லை, சுமார் 23.5 சென்ட் அதிகமாகிவிடுகிறது. ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட், ஒரு அரைச் சுரத்துக்கு 100. இந்த மிச்சத்தை எங்கே ஒளிப்பது என்பதுதான் சிக்கல். மறுமலர்ச்சிக் காலத்தில் பரவலாக இருந்த மீன்டோன் முறையில் காந்தாரங்கள் சுத்தமாக ஒலிப்பதற்காகப் பஞ்சமங்களைக் கொஞ்சம் குறுக்கினார்கள். குறுக்கியதெல்லாம் சேர்ந்து ஒரே ஒரு பஞ்சமத்தின் தலையில் விழுந்தது. அது சுத்தப் பஞ்சமத்தைவிட ஏறத்தாழ 36 சென்ட் அகன்று ஊளையிடும். அதற்கு ஓநாய் என்றே பெயர். அந்தப் பக்கம் உள்ள சுருதிகளில் கீபோர்டு இசை எழுத முடியாது. மிச்சத்தைப் பல பஞ்சமங்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் முறைகள் வந்த பிறகே பன்னிரண்டு சுரங்களையும் சட்ஜமாக்க முடிந்தது. 1722-இல் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் 24 மேஜர், மைனர் (காந்தாரம் அரைச் சுரம் தாழ்ந்தது) சுருதிகளிலும் ஆளுக்கொரு பிரெலூடும் (முன்னுரை போன்ற துண்டு) ஃபியூகும் எழுதித் தொகுத்தது இந்தச் சுதந்திரத்தைக் காட்டத்தான்.

அதற்கு முந்திய இசைக்கு வேறு அடித்தளம். தேவாலயங்களின் கிரிகோரியன் பாடல் ஒற்றைக் குரலில் ஓடியது. 1200 வாக்கில் பாரிஸ் நோத்ர்தாமில் பெரோத்தான் அதன்மேல் மூன்று, நான்கு குரல்களை அடுக்கினார். பதினாறாம் நூற்றாண்டில் பாலெஸ்ட்ரீனாவின் மாஸ் என்ற தேவாலய வழிபாட்டு இசையில் ஒரு குரல் சொன்னதை இன்னொரு குரல் வாங்கிச் சொல்லும் பின்பற்றல் முறை முழுமை அடைந்தது. அங்கே வடிவத்தைத் தீர்மானித்தது பாடலின் சொற்கள். சொற்களின் துணையில்லாமல் வாத்திய இசை தனியாகப் பத்து நிமிடம் நிற்க வேண்டும் என்ற தேவை வந்தபோதுதான் ஆதார சுரத்தின் பயணம் வடிவமாக மாறியது.

பரோக் காலத்தின், அதாவது 1600 முதல் 1750 வரையிலான காலத்தின், மிக எளிய வடிவம் நடனத் துண்டுகளில் இருக்கிறது. இரண்டு பாதி, ஒவ்வொன்றும் இரண்டு முறை. முதல் பாதி வீட்டில் தொடங்கிப் பஞ்சமத்தில் முடியும், இரண்டாவது அங்கிருந்து சுற்றி வீடு திரும்பும். கன்செர்ட்டோவில் ரிட்டொர்னெல்லோ என்ற பல்லவி போன்ற பகுதியை முழு வாத்தியக் குழுவும் வாசிக்கும். இடையிடையே தனி வயலின் புறப்படும். ஆனால் பல்லவி ஒவ்வொரு முறையும் அதே சுருதியில் வராது. 1725-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான விவால்டியின் ‘நான்கு பருவங்கள்’ என்ற கன்செர்ட்டோக்களில் ‘வசந்தம்’ என்பதன் முதல் பகுதியைக் கேளுங்கள்: வயலின்கள் காட்டும் பறவைகளுக்குப் பிறகு பல்லவி ஈ மேஜரில், ஓடைக்குப் பிறகு பி மேஜரில், இடி மின்னலுக்குப் பிறகு சி-ஷார்ப் மைனரில், கடைசியில் மறுபடி ஈ மேஜரில். இடிக்குப் பின் பல்லவி வாடிப்போய் ஒலிப்பதற்கு மைனர் சுருதியே காரணம்.

ஒரே கருப்பொருளைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிச் சொல்லும் ஃபியூக் இதைவிடக் கறாரானது. 1722 தொகுப்பில் உள்ள சி மைனர் ஃபியூகில் மூன்று குரல்கள், மொத்தம் 31 பார்கள். (எழுதிய இசையில் தாளத்தைக் கோடு போட்டுப் பிரித்த ஒவ்வொரு கட்டமும் ஒரு பார்.) முதல் பாரில் நடுக்குரல் தனியாகக் கருப்பொருளைச் சொல்கிறது: சி, பி, சி, கீழே ஜி, பிறகு ஏ-ஃபிளாட் (ஏ-க்கு அரைச் சுரம் கீழே). மூன்றாவது பாரில் மேற்குரல் அதே கருப்பொருளைப் பஞ்சமத்தில் சொல்கிறது: ஜி, எஃப்-ஷார்ப், ஜி, கீழே சி. அச்சுப் பிசகாமல் நகலெடுத்திருந்தால் நான்காவது சுரம் டி ஆக இருக்க வேண்டும். பாக் அதை சி ஆக்கியிருக்கிறார். வீட்டை விட்டு ஒரேயடியாகத் தாவாமல் ஒரு காலை சி மைனரிலேயே வைத்துக்கொள்ளும் உத்தி அது. மூன்றாவது குரல் ஐந்தாவது பாரிலேயே வந்திருக்கலாம். வரவில்லை, ஏழாவதில்தான் அடிக்குரல் நுழைகிறது. இசை அப்போது ஜி மைனரில் இருக்கிறது. சி மைனருக்குத் திரும்ப அந்த இரண்டு பார்கள் தேவைப்படுகின்றன. பிறகு 11-ஆவது பாரில் ஈ-ஃபிளாட் மேஜர், 15-இல் ஜி மைனர், 20-இல் வீடு. கடைசி மூன்று பார்களில் அடியில் சி அசையாமல் நிற்க, மேலே கருப்பொருள் இன்னொரு முறை வந்து மேஜர் கார்டில் முடிகிறது.

இதை வாசிக்கக் கற்றுக்கொள்பவர்கள் கருப்பொருள் வரும் ஒவ்வொரு இடத்தையும் ஓங்கி அடித்து, மற்றதை அமுக்கிவிடுவது வழக்கம். அப்படிச் செய்தால் மூன்று குரல் உரையாடல் செத்துவிடும். கேட்பவருக்கு நேர்வது இன்னொன்று: காது தானாகவே மேற்குரலுக்கு ஓடும். ஒரு முறை அடிக்குரலை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுவிட்டால் அடுத்த முறை மூன்றும் தனித்தனியாகக் காதில் விழும்.

1750-க்குப் பிறகு, ஹைடன், மொட்சார்ட் காலத்தில், அந்த இரண்டு பாதி நடன வடிவம் வளர்ந்து சொனாட்டா வடிவம் ஆனது. சிம்பொனி, நால்வர் குவார்ட்டெட், பியானோ சொனாட்டா எதை எடுத்தாலும் முதல் பகுதி பெரும்பாலும் இந்த வடிவம்தான். மொட்சார்ட் தம் படைப்புகளின் பட்டியலில் ‘தொடக்க மாணவர்களுக்கு’ என்று 26 ஜூன் 1788 தேதியிட்டுக் குறித்த சி மேஜர் பியானோ சொனாட்டா இதைக் கற்க மிகச் சிறந்தது. முதல் பகுதி 73 பார்களே. முதல் மெட்டு சி மேஜரில். இடக்கை சி, ஜி, ஈ, ஜி என்று கார்டை உடைத்து உருட்டுகிறது. ஸ்கேல் ஓட்டங்கள் முடிந்து 12-ஆவது பாரில் ஜி கார்டில் நிற்கிறது. 14-ஆவது பாரில் டி, பி, ஜி என்று இறங்கும் இரண்டாவது மெட்டு ஜி மேஜரில். 28-ஆவது பாரில் வெளிப்பாடு என்ற முதல் கட்டம் ஜி-யிலேயே முடிந்து, முழுவதும் மறுபடி வாசிக்கப்படுகிறது. 29-இல் விரிவாக்கம் தொடங்குகிறது: முடிவில் வந்த அதே சிறு துணுக்கு இப்போது ஜி மைனரில், முகம் இருண்டு. பதின்மூன்று பார் அலைச்சலுக்குப் பின் 42-இல் முதல் மெட்டு திரும்புகிறது. 59-இல் இரண்டாவது மெட்டு ஜி, ஈ, சி என்று இறங்கி, வீட்டுச் சுருதியில் வருகிறது. வெளியூரில் சொன்னதை வீட்டில் சொல்லி முடிப்பதுதான் இந்த வடிவத்தின் உயிர்நாடி.

இதே துண்டில் ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. 42-இல் முதல் மெட்டு சி மேஜரில் வர வேண்டும். மொட்சார்ட் அதை எஃப் மேஜரில் கொண்டுவருகிறார். சி-யிலிருந்து ஜி எவ்வளவு தூரமோ, எஃப்-இலிருந்து சி-யும் அவ்வளவே தூரம். எஃப்-இல் புறப்பட்டால் முதலில் போன பாதையிலேயே நடந்து வீடு சேரலாம். சோம்பல் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. அப்படியே நகலெடுக்காமல் நான்கு பார்களைக் கூடுதலாக எழுதியிருக்கும்போது அந்தக் குற்றச்சாட்டு எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

இரண்டு மெட்டுகள் மோதிக்கொள்வதே சொனாட்டா என்று பாடநூல்கள் சொல்வது பின்னால் வந்த விளக்கம். ஹைடனின் 104-ஆவது சிம்பொனியில் பஞ்சமத்துக்குப் போனதும் புது மெட்டு வருவதில்லை. டி மேஜரில் கேட்ட அதே மெட்டு ஏ மேஜரில் வருகிறது. மெட்டு ஒன்றே போதும், இடம் மாறினால் சரி. மைனரில் தொடங்கினால் விளைவு இன்னும் கூர்மையாகும். மொட்சார்ட்டின் 40-ஆவது சிம்பொனியில் பி-ஃபிளாட் மேஜரில் மலர்ந்து வந்த இரண்டாவது மெட்டு, திரும்பி வரும்போது வீடான ஜி மைனரில் ஒலித்தாக வேண்டும். அதே மெட்டு அழுகையாகிவிடுகிறது.

பேத்தோவன் வடிவத்தை மாற்றாமல் அளவை மாற்றினார். 1805-இல் வியன்னாவில் பொது மேடையேறிய எரோய்க்கா சிம்பொனியின் முதல் பகுதி 691 பார்கள். விரிவாக்கம் மட்டும் வெளிப்பாட்டைவிட நீளம். கடைசியில் வாலாக ஒட்டும் கோடா 130 பார்களுக்கு மேல். வீடு திரும்புவதற்குச் சற்று முன் வயலின்கள் பஞ்சமக் கார்டில் நடுங்கிக்கொண்டிருக்க, ஹார்ன் பொறுமையிழந்து முதல் மெட்டை வீட்டுச் சுருதியில் தொடங்கிவிடும். ஒத்திகையில் ஹார்ன்காரர் தவறி நுழைந்துவிட்டார் என்று நினைத்து மாணவர் ரீஸ் சொல்லப்போக, பேத்தோவனிடம் அறை வாங்காதது அதிர்ஷ்டம்.

அந்தக் காலத்து ஹார்னுக்குக் குழாயின் நீளத்தை மாற்றும் வால்வு கிடையாது. குழாயின் இயற்கைச் சுரங்கள் மட்டுமே சுலபமாக வரும். ஐந்தாவது சிம்பொனியின் முதல் பகுதியில் இரண்டாவது மெட்டை அறிவிப்பவை ஈ-ஃபிளாட் ஹார்ன்கள். மெட்டுகள் வீடு திரும்பும் மீள்வரவில் அதே அழைப்பு சி மேஜரில் வர வேண்டும். அந்த ஹார்ன்களால் இயலாது. குழாயை மாற்றவும் நேரமில்லை. பேத்தோவன் அதை பசூன் என்ற மரக் குழல்களிடம் கொடுத்தார். இன்றைய இசைக்குழு நடத்துநர்களில் சிலர் வால்வு ஹார்னுக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். 1818-இல் வால்வுக்குக் காப்புரிமை பதிவாகி, அடுத்த சில பத்தாண்டுகளில் அது பரவியபோது பித்தளை வாத்தியங்கள் எந்தச் சுருதிக்கும் போகலாம் என்றானது.

வழி திறந்ததும் தூரம் கூடியது. பேத்தோவனின் வால்ட்ஸ்டைன் சொனாட்டா சி மேஜரிலிருந்து ஜி-க்குப் போகாமல் ஈ மேஜருக்குப் போகிறது; பழைய வீட்டுக்கும் புது வீட்டுக்கும் உள்ள கார்டுகளில் பொதுச் சுரம் ஈ ஒன்றுதான். ஷூபர்ட் 1828-இல் எழுதிய சி மேஜர் ஐவர் குவின்டெட்டில் ஈ-ஃபிளாட். இப்படி எங்கும் போகலாம் என்றானபோது வீட்டின் ஈர்ப்பு தளர்ந்தது. வடிவத்தைக் கட்டிப்பிடிக்க வேறொன்று தேவைப்பட்டது. பெர்லியோஸ் 1830-இல் ஒரே மெட்டை ஐந்து பகுதிகளிலும் உருமாற்றி நடமாடவிட்டார். லிஸ்ட்டின் பி மைனர் சொனாட்டா நிறுத்தமே இல்லாமல் அரை மணி நேரம், சில துணுக்குகளின் உருமாற்றத்தால் நிற்கிறது. 1865-இல் மியூனிக்கில் மேடையேறிய வாக்னரின் டிரிஸ்டான் ஓபராவில் முதலில் கேட்கும் கார்டு எஃப், பி, டி-ஷார்ப், ஜி-ஷார்ப். அது இறங்கும் கார்டும் இன்னொன்றை எதிர்பார்த்துத் தொங்கும். சுமார் நான்கு மணி நேரம் கழித்து, ஓபராவின் கடைசிப் பக்கத்தில், பி மேஜரில்தான் அந்த முடிச்சு அவிழ்கிறது.

அடுத்த கட்டத்தில் வீடே கலைந்தது. டெபுஸி பயன்படுத்திய முழுச் சுர ஸ்கேலில் ஆறு சுரங்களும் சம தூரத்தில் நிற்கும். பஞ்சமமே இல்லை, அதனால் எதுவும் சட்ஜமாகாது. ஷோன்பர்க் 1920-களின் தொடக்கத்தில் பன்னிரண்டு சுரங்களையும் ஒரு வரிசையில் நிறுத்தி, அந்த வரிசையை நேர், பின்னோக்கு, தலைகீழ், பின்னோக்கிய தலைகீழ் என நான்கு வகையில், பன்னிரண்டு இடங்களிலிருந்து, ஆக 48 உருவங்களில் பயன்படுத்தினார். ஆனால் வரிசை சுரங்களைத் தருமே தவிர, எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று சொல்லாது. அதனால்தான் முழுக்க இந்த முறையில் அவர் எழுதிய பியானோ தொகுப்புக்கு கவோட், மினுவெட், ஜீக் என்ற பழைய பரோக் நடன உருவங்களை வாங்கிக்கொண்டார்.

ஸ்டீவ் ரைக் 1972-இல் சுரத்தையே விட்டுவிட்டார். இரண்டு பேர் கைதட்டுவார்கள். பன்னிரண்டு எண்ணிக்கை கொண்ட ஒரே தாளக் கோவை. ஒருவர் மாறாமல் தட்ட, மற்றவர் சில சுற்றுகளுக்கு ஒரு முறை ஒரு எண்ணிக்கை முன்னே நகர்வார். பன்னிரண்டாவது நகர்வில் இருவர் தட்டும் மறுபடி ஒன்றாகிறது; துண்டும் அங்கே முடிகிறது.