கடைசி சீட்டில் கைமாறும் பை

மாலை நேரம் கோத்தகிரியிலிருந்து கிளம்பும் ஒரு பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். மூடுபனி, ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கிறது. கடைசி சீட்டில் ஒரு பையனின் புத்தகப் பை கைக்குக் கை மாறுகிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள், பைக்குச் சொந்தக்காரனும் சிரிக்கிறான். விளையாட்டுதானே என்று கண்டக்டர் முன்னால் போய்விடுகிறார். ஆனால் அந்தப் பையனின் உதடுதான் சிரிக்கிறது, கண் பையை விட்டு அகலவில்லை. நேற்றும் அவன் பைதான், நாளைக்கும் அவன் பைதான்.

முரட்டு விளையாட்டு பார்ப்பதற்குச் சண்டை போலவே இருக்கும். ஆனால் அதில் துரத்துகிறவனும் ஓடுகிறவனும் மாறி மாறி வருவார்கள். பலசாலி வேண்டுமென்றே கொஞ்சம் விட்டுக்கொடுப்பான். முடிந்ததும் தோளில் கை போட்டுக்கொண்டு நடப்பார்கள். வதையில், அதாவது ஒரு பிள்ளையையே குறிவைத்துத் திரும்பத் திரும்பத் துன்புறுத்தும் 'புல்லியிங்'கில், ஆள் மாறுவதில்லை. முடிந்ததும் ஒரு பிள்ளை மட்டும் தனியே ஒதுங்கிப் போகும். அதனால் ஆசிரியர் பார்க்கவேண்டியது சண்டையைவிட, அது முடிந்த பிறகு வரும் இரண்டு நிமிடத்தை.

நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வியஸ் வதைக்கு மூன்று அளவுகோல்களை வைத்தார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இரு தரப்பின் பலமும் சமமாக இல்லாதது. அவருடைய வினாத்தாளில் மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை அல்லது அதற்கு மேல் நடந்தால் அது வதைக் கணக்கில் வரும். மூன்றாவது அளவுகோலைத்தான் பெரியவர்கள் தவறவிடுகிறோம். பலம் என்றால் உடம்பு மட்டும் இல்லை. நீலகிரியில் ஒரே வகுப்பில் ஹட்டி எனும் படகர் ஊர்ப் பிள்ளையும், எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டுப் பிள்ளையும், பழங்குடிப் பிள்ளையும், 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தின் பேரப்பிள்ளையும் உட்கார்ந்திருக்கும். யாருடைய பேச்சு வழக்கைக் கிண்டல் செய்தால் வகுப்பு முழுக்கச் சிரிக்குமோ, அந்தப் பிள்ளைக்குப் பலம் குறைவு. பட்டப்பெயரைப் பெரும்பாலும் பிள்ளைகள் கண்டுபிடிப்பதில்லை. ஊர் ஏற்கெனவே வைத்திருப்பதைத்தான் வகுப்புக்குள் எடுத்து வருகிறார்கள். இதைச் சொல்லக் கசப்பாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

வதை இரண்டு பேர் விவகாரமும் இல்லை. பின்லாந்தின் கிறிஸ்டினா சால்மிவள்ளியும் அவருடைய குழுவினரும் 1996இல் காட்டியது இது: வதைக்கிறவருக்குக் கைகொடுப்பவர், சிரித்து ஏற்றிவிடுபவர், ஒதுங்கி நிற்பவர், தடுப்பவர் என்று வகுப்பில் பெரும்பாலோருக்கு ஒரு பங்கு இருக்கிறது. கனடாவில் விளையாட்டு மைதானங்களைப் படம்பிடித்து ஆராய்ந்து 2001இல் வெளியான ஆய்வில், 88 சதவீத நிகழ்வுகளில் மற்றப் பிள்ளைகள் பக்கத்திலேயே இருந்தார்கள். தலையிட்டது 19 சதவீதத்தில்தான். அப்படித் தலையிட்டதில் பாதிக்கு மேல் பத்து விநாடிக்குள் வதை நின்றுபோனது.

பார்வையாளர்கள் இருப்பதால்தான் "ரெண்டு பேரும் கைகுலுக்குங்க" என்கிற சமரசம் தோற்கிறது. சமமான சண்டைக்கு அது சரி. இங்கே, பயந்திருக்கும் பிள்ளையைப் பயமுறுத்தியவர் முன்னாலேயே நிறுத்தி மன்னிக்கச் சொல்கிறோம். மறுநாள் பஸ்ஸில் அதற்கும் சேர்த்துக் கிடைக்கும். பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் முதலில் தனியாகப் பேசவேண்டும். பிறகு கூட்டத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராக, ஒரே நாளில், நடுவில் இடைவெளி விடாமல் கூப்பிடவேண்டும். இடைவெளி விட்டால் எல்லோரும் ஒரே கதையைப் பேசிவைத்துக்கொண்டு வருவார்கள்.

மலையில் சில அடையாளங்கள் மறைந்துபோகும். முழுக்கை ஸ்வெட்டர் கீறலையும் கன்றிப்போன இடத்தையும் மூடிவிடும். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன், ஜூலை மழையில் குடையை "மறந்துட்டேன்" என்று மூன்றாவது தடவையாக நனைந்து வரும் பிள்ளைக்கு ஞாபகமறதி என்று நினைக்காதீர்கள். தேயிலைக்குள் போகும் குறுக்கு வழியை விட்டுச் சுற்றுவழியில் வருவது இன்னொரு அடையாளம். காட்டெருமைக்குப் பயந்தும் வழி மாற்றுவார்கள். மற்றப் பிள்ளைகளும் மாற்றினார்களா என்று விசாரித்தால் தெரிந்துவிடும். ஞாயிறு சாயங்காலம் தொடங்கும் வயிற்றுவலி சனிக்கிழமைகளில் வருவதில்லை என்றால் அதையும் குறித்துவையுங்கள்.

விடுதிகளில் கவனிக்கவேண்டியது விளக்கணைத்த பிறகான அரை மணி நேரமும், காலையில் வெந்நீருக்கு நிற்கும் வரிசையும். வார்டன் தினமும் ஒரே நேரத்தில் சுற்றி வந்தால் அந்த நேரம் எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிடும். விடுதியிலிருந்து வீட்டுக்குப் போனில் பேசும் பிள்ளைக்குப் பக்கத்தில் வேறு யாராவது நிற்கலாம். "ஆமாம்", "இல்லை" என்று மட்டும் பதில் சொன்னால் போதும் என்கிற மாதிரி கேளுங்கள்.

வீட்டில், "உன்னை யாராவது அடிக்கிறாங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். வெட்கம் ஒரு காரணம். சொன்னால் இன்னும் மோசமாகும் என்ற பயம் இன்னொன்று. "இன்னைக்கு பஸ்ல யார் பக்கத்துல உட்கார்ந்த?", "சாப்பாட்டு நேரம் யார்கூட இருந்த?" என்று கேளுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து "யாரும் இல்லை" என்றால் அதுவே தகவல். அடி இல்லாமல் ஆட்டத்தில் சேர்க்காமல் விடுவதும் வதைதான். தேதி, இடம், யார் யார் நின்றார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு பள்ளிக்குப் போங்கள். பள்ளி அசையாவிட்டால் 1098 குழந்தைகள் உதவி எண்ணும், பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண்ணும் இருக்கின்றன.

பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கும் பழக்கிக் கொடுக்கவேண்டும். வதைக்கிறவரை எதிர்த்து நிற்கச் சொன்னால் பயப்படும். பாதிக்கப்பட்டவரை அங்கிருந்து கூட்டிக்கொண்டு போகச் சொன்னால் செய்யும். "பையைக் குடுங்கடா, ஸ்டாப் வந்திருச்சு. வாடா, இறங்கலாம்" என்றால் போதும். வீட்டிலேயே இரண்டு தடவை சொல்லிப் பார்க்கவையுங்கள்.