வலிப்பு வந்தவர் கையில் சாவி வேண்டாம்: ஒரு சாரணர் மாஸ்டர் விட்டுச்சென்ற பாடம்

அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறவர்களுக்கு, நோயாளியைத் தூக்கிக்கொண்டு வருபவர் சொல்லும் முதல் தகவல் ரொம்ப முக்கியம். எப்போது ஆரம்பித்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று கேட்டால் பெரும்பாலும் அழுகைதான் பதிலாக வரும். பெரம்பூர், வியாசர்பாடி பக்கத்திலிருந்து வரும் சில இளைஞர்கள் மட்டும் வேறு மாதிரி பேசுவார்கள். "மூணு நிமிஷம் வலிப்பு இருந்துச்சு டாக்டர். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சோம், வாயில எதுவும் வைக்கல." யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டால், "ஸ்கவுட் மாஸ்டர்" என்பார்கள்.

அந்த மாஸ்டர் சமீபத்தில் காலமாகிவிட்டார். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர். இளவயதில் சாரணர் குழுவில் சேர்ந்தவர், உடம்பு ஒத்துழைத்த கடைசி ஞாயிறு வரை மைதானத்துக்கு வந்தார். இதற்குச் சம்பளம் கிடையாது. இந்தியப் பையன்களைச் சேர்க்காத காலத்தில், அவர்களுக்கென்று 1916-ல் அன்னி பெசன்ட் தனியாகச் சாரணர் சங்கம் தொடங்கியது இதே சென்னையில்தான் என்று புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் பெருமையாகச் சொல்வார்.

அவர் வகுப்பில் முதல் பாடம் சாவி. இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்காது. பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். அந்த நேரத்தில் கையில் இருப்பதால் சாவிக்குப் பேர் கிடைத்துவிடுகிறது. இடித்துக்கொள்ளாமல் பார்த்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். முழு நினைவு திரும்பும்வரை தண்ணீர், சோடா எதுவும் கொடுக்கக் கூடாது. ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

அவரிடம் நான் மிகவும் மதித்தது பாம்புக்கடி விஷயத்தில் அவர் நடந்துகொண்ட விதம். பழைய முதலுதவிப் புத்தகங்களைப் படித்தவர் என்பதால், கடித்த இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டச் சொல்லியே பல வருடம் கற்பித்திருக்கிறார். அப்படிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கை கால் அழுகிப்போகலாம், கட்டை அவிழ்க்கும்போது விஷம் மொத்தமாக உடம்பில் ஏறலாம் என்று ஒரு பயிற்சி முகாமில் தெரிந்துகொண்டார். சரி, இனிமேல் மாற்றிச் சொல்லிக்கொடுத்தால் போதும் என்று அவர் விடவில்லை. பழைய மாணவர்களின் வீடு தேடி சைக்கிளில் போனார். வேலைக்குப் போய்விட்டவர்களை, கல்யாணமாகி மாதவரம், செங்குன்றம் என்று குடிபோனவர்களைக்கூட விடவில்லை. கட்டாதே, கீறாதே, வாயால் உறிஞ்சாதே. மோதிரம், கொலுசைக் கழற்று. எலும்பு முறிந்த காலைப்போல அசையாமல் வைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. இவ்வளவுதான் செய்தி. இதைச் சொல்லத்தான் அத்தனை தூரம் மிதித்தார். தான் கற்பித்தது தவறு என்று மாணவனின் வாசலில் நின்று சொல்ல எத்தனை ஆசிரியர்கள் முன்வருவார்கள்?

சிபிஆர், அதாவது இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி. அதன் பயிற்சிக்குப் பொம்மை வாங்கக் காசில்லாதபோது, சாக்கில் பழைய துணியை அடைத்துக் கற்றுக்கொடுத்தார். நெஞ்சின் நடுவில், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். இதைக் காதால் கேட்டுப் பயனில்லை, கை பழக வேண்டும். இதயம் நின்ற சில நிமிடங்களிலேயே மூளை பாதிக்கப்பட ஆரம்பித்துவிடும். சென்னைப் போக்குவரத்தில் ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில் இருப்பவரின் கைதான் இதயத்தின் வேலையைச் செய்ய வேண்டும். விபத்தில் உதவினால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று தயங்குபவர்களிடம், 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 134ஏ பிரிவு நல்லெண்ணத்தோடு உதவுகிறவரைப் பாதுகாக்கிறது என்று எடுத்துச் சொல்வார்.

இப்போது அந்தக் குழுவை அவருடைய மாணவி ஒருவர் நடத்துகிறார். அவர் ஒரு செவிலியர். சாரணர், என்.எஸ்.எஸ்., என்.சி.சி. என்று பிள்ளைகளை வைத்து நடத்தும் எல்லோரும் அலமாரியில் இருக்கும் முதலுதவிக் கையேடு எந்த வருடத்தது என்று ஒருமுறை பாருங்கள். சந்தேகம் இருந்தால் பக்கத்து மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் கேளுங்கள். என்னைப் போன்றவர்களைக் கூப்பிட்டால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவோம், பொம்மையையும் நாங்களே கொண்டுவருவோம்.