அம்மா ஏன் பயணத்தில் தண்ணீர் குடிப்பதில்லை?

பெற்றோரைக் காசி, ராமேஸ்வரம் என்று அழைத்துப் போய்விட்டு, திரும்பிய வாரத்திலேயே மருத்துவமனைக்கும் அழைத்து வரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கால் வீங்கியிருக்கும், மூச்சு வாங்கும். சிலருக்குக் குளிர் ஜுரத்தோடு நீர்க்கடுப்பு. சிலர் இருக்கும் இடம் தெரியாமல் குழம்பிப் பேசுவார்கள். "அலைச்சல் ஒத்துக்கொள்ளவில்லை, டாக்டர்" என்பார் மகன். அலைச்சலும் உண்டுதான். ஆனால், கழிப்பறைக்குப் பயந்து, கிளம்புவதற்கு முந்தைய நாளே தண்ணீரைக் குறைத்து, உடலில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரையையும் நிறுத்திவிடும் பெரியவர்கள் ஏராளம். அதைப் பிள்ளைகளிடம் சொல்வதும் இல்லை.

இதய பலவீனத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடும் ஓர் அம்மா, மகன் பக்கத்தில் இருந்தவரை எல்லா மாத்திரைகளையும் ஒழுங்காகப் போட்டதாகத் தலையாட்டினார். ரத்தப் பரிசோதனைக்குப் பணம் கட்ட மகன் வெளியே போனதும், சுருக்குப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. "வண்டியை நிறுத்தச் சொல்லி எத்தனை தடவை கேட்பது, டாக்டர்? சம்பந்தி வீட்டார் எல்லாரும் கூட இருந்தார்கள்" என்றார். கணுக்காலை விரலால் அழுத்தினேன். விழுந்த குழி அப்படியே நின்றது.

அந்தக் கூச்சத்தைக் கடிந்து பயனில்லை. பிள்ளைகள்தான் வழி செய்ய வேண்டும். "தண்ணீர் குடித்தீர்களா?" என்று கேட்டால் "குடித்தேன்" என்றுதான் பதில் வரும். காலையிலிருந்து எத்தனை முறை சிறுநீர் போனது, அடர்ந்த மஞ்சளாகப் போனதா என்று தனியாகக் கேளுங்கள். அம்மாவிடம் மகளோ மருமகளோ கேட்டால் இன்னும் நல்லது. காரில் போகிறீர்களா? இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, உங்களுக்கு டீ வேண்டும் என்று சொல்லி நீங்களே நிறுத்துங்கள். அவர்கள் வாய்விட்டுக் கேட்கும் நிலையே வரக் கூடாது. இறங்கி நாலு அடி நடப்பது, காலில் ரத்தம் உறையாமல் இருக்கவும் உதவும்.

வயதாக ஆகத் தாக உணர்வு மங்கிவிடும். உடல் வறண்ட பிறகும் தாகம் எடுக்காது. அந்த நிலையில் நீர் மாத்திரையும், சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் டாபாகிளிஃப்லோசின் போன்ற மாத்திரையும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சரிந்து, எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழுவார்கள். இதற்காக மாத்திரையை நிறுத்தினாலோ, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். ஃப்யூரோசெமைடு என்ற நீர் மாத்திரை ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, சுமார் 6 மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஆகவே, பயண நாளில் மட்டும் போய்ச் சேர்ந்த பிறகு போட்டுக்கொள்ளலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கிளம்பும் முன்பே கேளுங்கள். பலருக்கு நேரத்தை மாற்றிக்கொண்டாலே போதும். இதய நோய்க்காகவோ சிறுநீரக நோய்க்காகவோ தண்ணீர் அளவு குறித்துக் கொடுக்கப்பட்டவர்கள் அந்த அளவையே பின்பற்ற வேண்டும்.

அப்பாக்களின் சிக்கல் வேறு. புராஸ்டேட் வீக்கம் உள்ளவர், சளிக்கென்று மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரையையோ பயண வாந்திக்கான மாத்திரையையோ போட்டுக்கொண்டு, சிறுநீரையும் அடக்கினால் அடைப்பே ஏற்பட்டுவிடலாம். அவருக்கு அந்த மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் வாங்கித் தராதீர்கள்.

ரயிலில் 60 வயதைக் கடந்த ஆண்களுக்கும் 45 வயதைக் கடந்த பெண்களுக்கும் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் குடும்பமாக நாலைந்து பேருக்கு ஒரே டிக்கெட் எடுத்தால் அந்த ஒதுக்கீடு பொருந்தாது. பெற்றோர் இருவருக்கு மட்டும் தனியாக ஒரு டிக்கெட் எடுங்கள். இரவில் அவர்கள் எழுந்தால் நீங்களும் எழுந்து கூடவே போங்கள். ஓடும் ரயிலின் ஈரத் தரையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால், பலர் பழையபடி நடப்பதே இல்லை. தங்கும் அறையைப் பதிவு செய்யும்போது வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள்.

அடிவயிறு உப்பி, வலித்தும் சிறுநீர் இறங்கவில்லை என்றாலோ, மூச்சு வாங்கிப் படுக்க முடியவில்லை என்றாலோ, ஊர் திரும்பும்வரை தள்ளிப்போடாதீர்கள். ரயிலில் இருந்தால் 139, சாலையில் என்றால் 108 எண்ணை அழையுங்கள். எந்த மருத்துவமனைக்குப் போனாலும், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்றுதான் முதலில் கேட்பார்கள். மருந்துச் சீட்டைச் செல்போனில் படமெடுத்து வையுங்கள். மாத்திரைகளைப் பெரிய பெட்டிக்குள் வைக்காமல் உங்கள் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.